இல்லம் தேடி வரும் தொழிலாளரை உபசரித்தல்

தானம் என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம்மவர் நினைவிற்கு வருவன பிக்கு சங்கத்திற்கு அளிக்கும் உணவும், விகாரைக்கு அளிக்கும் விளக்கும் மலரும், வைசாகப் பௌர்ணமியன்று நிகழும் அன்னதானமுமே ஆகும். இவை நன்று. ஆயினும் இப்பாடத்தில் நாம் எடுத்துக்கொள்ளும் பொருள் இவற்றைவிடச் சிறியது. வீட்டுத் தளம் ஒழுகுகிறது. மேஸ்திரி ஒருவர் சித்தாளுடன் வருகிறார். குழாய் உடைகிறது, அதைச் சீர்செய்பவர் தம் பையுடன் வருகிறார். மின்விளக்கு அணைகிறது, மின்வேலை அறிந்தவர் வருகிறார். வண்ணம் பூசுவோர் நால்வர் வந்து ஒரு வாரம் தங்கி வேலை செய்கின்றனர். இவர்களுக்கு வேலையின் நடுவே ஒரு குவளை தேநீரோ காப்பியோ மோரோ கொடுக்கிறோம். அல்லது கொடாமல் விடுகிறோம். கொடுப்பின் எந்தக் குவளையிற் கொடுக்கிறோம், எங்கே அமரச் சொல்கிறோம், என்ன சொல்லி அழைக்கிறோம்? இவையே இன்றைய பாடம்.

"தேநீர் கொடுப்பதற்கும் ஒரு தம்மப் பாடமா?" என நகைப்பாரும் உளர். அவர்கட்கு நாம் கூறுவது இதுவே: நம்முடைய சரித்திரத்திற் பெரும்பகுதி ஒரு குவளையின் சரித்திரமாகும். 1901ஆம் ஆண்டில், சுமார் பத்து வயதுப் பாலகராகிய பாபாசாகேப் அம்பேத்கர் தம் தமையனுடனும் உறவுச் சிறுவருடனும் தந்தையாரைக் காணச் சாத்தாராவிலிருந்து கோரேகாவ் நோக்கிப் பயணம் செய்தார். வழியில் இரவாயிற்று. கையில் உணவு இருந்தது. பருகுவதற்கு நீர் இல்லை. குலத்தைக் கேட்டறிந்தவர் ஒருவரும் நீர் தரவில்லை. உணவு மூட்டை பக்கத்தில் இருக்கவே அச்சிறுவர்கள் பட்டினியாய் உறங்கினர். பசிக்குச் சோறு இல்லாமை வறுமையினால் வரும். சோறு இருந்தும் நீர் இல்லாமை மனிதனால் வரும். இருபத்தாறு ஆண்டுகட்குப் பின், 1927 மார்ச் 20ஆம் நாள், மகாட் நகரின் சவுதார் குளத்தில் இறங்கி அவர் ஒரு கை நீரை அள்ளிப் பருகியதும் அந்த இரவின் தொடர்ச்சியே என்று நாம் கருதுகிறோம்.

தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் நம்மவர்க்கு வாய்த்த குவளையோ வேறு வகையினது. தேயிலைத் தோட்டங்களிற் கொழுந்து பறித்தவருள் நம்மவர் பல்லாயிரவர். எனினும், அத்தேயிலை பொடியாகி ஊர் முனைக் கடைக்கு வந்தபோது, நம்மவர்க்கென ஒரு சிரட்டை, பின்னர் ஒரு தகரக் குவளை, பின்னர் ஆணியில் மாட்டிய ஒரு தனித் தம்ளர் என ஒதுக்கப்பட்டது. பருகியவரே அதனைக் கழுவி அவ்வாணியில் மீண்டும் மாட்ட வேண்டும் என்பது விதி. இதனைக் கண்ணாற் கண்ட பெரியோர் இன்றும் நம்மிடையே உள்ளனர்.

1950ஆம் ஆண்டின் அரசியலமைப்பு 17ஆம் பிரிவினால் தீண்டாமையை ஒழித்தது. 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம், கடையிலும் உணவு விடுதியிலும் உள்ள பாத்திரங்களை ஒருவர் பயன்படுத்தலாகாதெனத் தடுப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கிற்று. 1976ஆம் ஆண்டில் அதுவே குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் எனப் பெயர் மாறிற்று. நன்மைதான். ஆனால் கடைப் பாத்திரத்தைக் காக்கும் இச்சட்டம் நம் வீட்டுச் சமையலறை அலமாரியைத் திறந்து பார்ப்பதில்லை. அங்கே எத்தனை வகைக் குவளைகள் உள என்பதை நாமே திறந்து பார்க்க வேண்டும்.

பார்ப்போம். கோலார் தங்கவயலில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தமிழ்ப் பௌத்தம் வேரூன்றிற்று. பண்டிதர் அயோத்திதாசரின் சொல் அங்குச் சுரங்கத் தொழிலாளர் வரிசை வீடுகளில் உரக்க வாசிக்கப்பட்டது. 2001ஆம் ஆண்டிற் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன்பின் அங்குள்ள குடும்பங்களிற் பலர் விடியற்காலை ரயிலேறிப் பெங்களூர் சென்று, இரவு வீடு திரும்பி வாழ்கின்றனர். அவர்களுள் மின்வேலை செய்வோர் உளர். குழாய் வேலை செய்வோர், தச்சர், வண்ணம் பூசுவோர் உளர். நாள்தோறும் பிறர் வீட்டிற்குள் நுழைபவர்கள் இவர்கள். எந்த வீட்டில் எவர்சில்வர் தம்ளர் வந்தது, எந்த வீட்டில் கை கழுவும் தொட்டியின் அடியில் வைத்திருந்த பழைய பிளாஸ்டிக் குவளை வந்தது, எந்த வீட்டில் ஒன்றும் வரவில்லை என்பதை அவர்கள் சொல்லாவிடினும் மறப்பதில்லை.

அதே நம்மவர் வீட்டிலும் இப்போது பிறர் வேலைக்கு வருகின்றனர். பிள்ளைகள் கற்றுப் பணியில் அமர்ந்துள்ளனர், மாடி எழும்புகிறது, தரைக்குப் பளிங்கு ஓடு பதிக்கப்படுகிறது. ஓடு பதிப்பவர் பீகாரிலிருந்தோ, ஒடிசாவிலிருந்தோ, வங்காளத்திலிருந்தோ வந்தவர். (புத்தகயைக்கும் ராஜகிருகத்திற்கும் யாத்திரை போக ஆண்டுக்கணக்கிற் பணம் சேர்க்கிறோம், அந்த மண்ணிலேயே பிறந்தவன் ஒருவன் நம் மாடிப்படியில் அமர்ந்து தன் ரொட்டியைத் தின்கிறான். அவனிடம் ஊர்ப்பெயரைக்கூட நாம் கேட்பதில்லை!) அவனுக்கு எந்தக் குவளை செல்கிறது?

இங்குதான் காகிதக் குவளை வருகிறது. 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக்குப் பின் அது பல வீடுகளில் நிலைத்துவிட்டது. "இது சுகாதாரத்தின் பொருட்டு, வேறு நோக்கம் இல்லை" என்கின்றனர். சுகாதாரம் வேண்டற்பாலதே, அதனை நாம் மறுக்கவில்லை. ஆயின், ஒரு கேள்வி. அதே நாளில் நம் மைத்துனர் வருகிறார். பெண் பார்க்கச் சம்பந்தி வீட்டார் வருகின்றனர். அவர்கட்கும் காகிதக் குவளைதானா? ஆம் எனின், வழக்கு முடிந்தது, அது சுகாதாரமே. இல்லை, அவர்கட்கு எவர்சில்வரும் பீங்கானும், மேஸ்திரிக்கு மட்டும் காகிதம் எனின், நோய்க்கிருமி மேஸ்திரியின் உதட்டில் மட்டும் குடியிருப்பதாக எண்ணுகிறோமா? கொதிநீரும் சோப்பும் சம்பந்தியின் எச்சிலைப் போக்கும் எனின், கொத்தனாரின் எச்சிலையும் போக்கும். ஆணியில் மாட்டிய தம்ளருக்கும் பருகியவுடன் எறியும் குவளைக்கும் பொருளால் வேற்றுமை உண்டு. செயலால் வேற்றுமை காணோம். முன்னதைப் பருகியவர் கழுவி வைத்தார். பின்னதைக் கழுவும் வேலையும் நமக்கு இல்லை. அவ்வளவே.

இதனைத் தம்மத்தின் வழியில் நோக்குவோம். தீக நிகாயத்தின் 23ஆம் சூத்திரம் பாயாசி என்னும் தலைவனைப் பற்றியது. அவன் கோசல நாட்டுச் சேதவ்யா நகரை ஆண்டவன். மறுவுலகம் இல்லை, நல்வினை தீவினைக்குப் பயன் இல்லை என வாதிட்டவன். குமார காசியபர் என்னும் தேரர் அவனோடு நெடுநேரம் உரையாடி அவனைத் திருத்தினார். திருந்திய பாயாசி, துறவியர், வழிப்போக்கர், வறியோர் யாவர்க்கும் ஒரு தானசாலை அமைத்தான். அங்கு அளிக்கப்பட்டது யாது? நொய்யரிசிக் கூழும் புளித்த கஞ்சியும் முரட்டுத் துணியும். அதை மேற்பார்த்தவன் உத்தரன் என்னும் இளைஞன். அவன் ஒவ்வொரு நாளும் தானம் முடிந்தபின், இவ்வுலகில் மட்டுமே பாயாசியுடன் தனக்குத் தொடர்பு இருக்கட்டும், மறுமையில் வேண்டா என வாய்விட்டு வேண்டிக்கொண்டான். செய்தி பாயாசிக்கு எட்டியது. அழைத்துக் காரணம் கேட்டான். உத்தரன் அஞ்சாது விடை கூறினான்: தாங்கள் உண்பது இருக்கட்டும், காலாலும் தீண்ட விரும்பாத உணவன்றோ இங்கு வழங்கப்படுகிறது, எமக்கு இனியவராகிய தங்களை இவ்வினிமையற்ற பொருளோடு எங்ஙனம் இணைத்துப் பார்ப்போம் என்பது அவன் விடையின் கருத்து. பாயாசி வெட்கி, இனித் தான் உண்ணும் உணவையும் தான் உடுக்கும் துணியையுமே வழங்குமாறு ஆணையிட்டான்.

கதை இத்துடன் முடிந்ததெனின் நமக்கு இனிதாயிருக்கும். முடியவில்லை. இறந்தபின் பாயாசி ஆளில்லாத வெற்று மாளிகை ஒன்றிற் போய்ப் பிறந்தான் எனவும், உத்தரன் அவனினும் மேலான கதியை அடைந்தான் எனவும் சூத்திரம் கூறுகிறது. ஏன்? பாயாசி மதிப்பின்றிக் கொடுத்தான், தன் கையாற் கொடுக்கவில்லை, மனம் வைத்துக் கொடுக்கவில்லை, எறியத்தக்கதைக் கொடுத்தான். உணவை மாற்றும் ஆணை பிறந்தபின்னும், கொடுத்த கை பாயாசியின் கை அன்று, உத்தரனின் கையே என்பதை நோக்குக. தேவலோகம் உண்டோ இல்லையோ என்னும் வாதத்தில் நாம் இங்கு இறங்கவில்லை. பாபாசாகேப்பின் நூலைக் கற்ற இளைஞர் அப்பகுதியைக் கடந்து சென்றாலும் குறை இல்லை. ஆளில்லாத வெற்று மாளிகை என்பதை மட்டும் கடந்து செல்லாதிருப்பார்களாக. வேலைக்கு வந்தவரை வாசற்படியோடு நிறுத்தி வைக்கும் பெரிய வீடுகளை இவ்வுலகிலேயே நாம் கண்டிருக்கிறோம்.

ஆக, தானத்திற்குக் கூறப்பட்ட அளவுகோல் தேநீருக்கும் பொருந்தும். நாம் பருகும் பாலும் தூளும் சர்க்கரையும் கொண்டே அவர்க்கும் தயாரிக்க வேண்டும். காலையில் வடித்த சக்கையை மீண்டும் கொதிக்க வைத்தல் நொய்க்கூழேயாகும். தம் கையாற் கொண்டுபோய்க் கொடுத்தல் வேண்டும். சன்னற்கட்டையில் வைத்துவிட்டு உள்ளிருந்து குரல் கொடுத்தல் தகாது. வீட்டில் வேலைக்காரப் பெண் ஒருத்தி இருப்பினும், முதற் குவளையையேனும் இல்லத்தலைவனோ தலைவியோ எடுத்துச் செல்லல் நன்று. அவளுக்கும் அதே நேரத்தில் ஒரு குவளை உண்டென்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இனிச் சிகாலோவாத சூத்திரத்திற்கு வருவோம். ராஜகிருகத்தில், ஈர உடையும் ஈரக் கூந்தலுமாய் ஆறு திசைகளையும் வணங்கி நின்ற சிகாலன் என்னும் இல்லறத்தானுக்கு, வணங்கத்தக்க திசைகள் மனிதரே எனப் பகவன் விளக்கினார். தாய் தந்தையர் கிழக்கு, ஆசிரியர் தெற்கு, மனைவி மக்கள் மேற்கு, நண்பர் வடக்கு, துறவியர் மேல், தொழிலாளரும் பணியாளரும் கீழ். கீழ்த்திசை என்றால் தமிழில் கிழக்கைக் குறிக்குமாதலின் நாம் இதனை அடித்திசை என்றே வழங்குவோம். "தொழிலாளரைக் கீழே வைத்தது முறையா?" என நம் கூட்டங்களிற் கேட்போர் உளர். கேட்கத்தக்க கேள்வியே. ஆனால் அச்சூத்திரத்தில் ஆறு திசையும் பேணற்குரியனவாகவே கூறப்பட்டுள்ளன, அடித்திசை விலக்கப்படவில்லை. நின்று வணங்குகிறவனைத் தாங்கி நிற்பதும் காலடியில் உள்ள நிலமே அன்றோ.

அத்திசைக்கு இல்லறத்தான் ஆற்ற வேண்டிய கடமைகள் ஐந்து. வலிமைக்கேற்ப வேலை பகுத்தல், உணவும் ஊதியமும் அளித்தல், நோயுற்றபோது பேணல், அரிய சுவைப்பண்டம் கிடைத்தபோது பகிர்தல், உரிய காலத்தில் ஓய்வு விடுதல். ஆண்டு முழுதும் உடன் இருந்த பணியாளரைக் கருதி அன்று இவை கூறப்பட்டன. ஒருநாள் வேலைக்கு வருகின்றவர்க்கும் இவை சிறிதும் குறையாமற் பொருந்துகின்றன. சிமெண்ட் மூட்டை ஒன்று 50 கிலோ. அறுபது வயது முதியவர் அதனைத் தனியே மூன்றாம் மாடிக்குச் சுமக்கக் கண்டும், பின்னர்த் தேநீர் கொடுத்தால் போதும் என்றிருத்தல் முதற் கடமையில் தவறுவதாகும். நான்காவதை நம்மவர் பலர் கவனித்ததில்லை. வீட்டில் அன்று பாயசமோ வடையோ செய்திருந்தால், அதன் மணம் வேலை செய்பவர் மூக்கிற்கும் எட்டும். அவர்க்கும் ஒரு பங்கு இலையில் வைத்தல் வேண்டும் என்பது நேற்றைய நாகரிகம் அன்று. இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகட்கு முந்திய விதி.

ஊதியமும் உணவும் தனித்தனியே கூறப்பட்டமையையும் உணர்க. தேநீர் கூலியின் பகுதி அன்று. "மூன்று வேளையும் காப்பி கொடுத்தோமே, நூறு ரூபாய் குறைத்துக்கொள்" எனப் பேரம் பேசுவோரை நாம் கண்டிருக்கிறோம். அவர் கொடுத்தது தானமும் அன்று, விருந்தும் அன்று, விற்பனை, அதுவும் விலை சொல்லாமற் செய்த விற்பனை. பேசிய கூலியைப் பேசிய பொழுதில், அந்தி சாயுமுன், எண்ணிக் கையிற் கொடுத்துவிட வேண்டும். தேநீர் கொடாமல் முழுக் கூலியை உடனே கொடுப்பவன், தேநீர் கொடுத்துக் கூலியை நாளைக்கு வா என்பவனினும் மேலானவன் என்பதில் எமக்கு ஐயம் இல்லை.

பஞ்சாலையில் நூற்புப் பகுதியிற் பல்லாண்டு நின்று உழைத்த அனுபவத்தைக் கொண்டு ஒரு செய்தி கூறுவோம். எந்திரத்தின் முன் நிற்பவனுக்கு நேரம் என்பது கடிகாரத்தில் இல்லை. இடுப்பிலும் தொண்டையிலும் உள்ளது. பஞ்சுத் தூசி தொண்டையை அடைக்கும்போது சூடான ஒரு வாய் தேநீர் என்ன செய்யும் என்பதை அதைச் சுவாசித்தவரே அறிவர். (அது தொண்டையை மட்டுமே கழுவும், நுரையீரலைக் கழுவாது. வெல்லம் தின்றால் தூசி போகும் என அந்நாளிற் சொல்லப்பட்டதை நம்பி முகமூடி இன்றி நின்றோர் பலர் பின்னாளில் இருமிக்கொண்டே வாழ்ந்தனர். நம் வீட்டில் சுவரைத் தேய்ப்பவர்க்கும் ஓடு அறுப்பவர்க்கும் தேநீரோடு மூக்கை மூட ஒரு முகமூடியும் கொடுத்தல் நலம்.) 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், ஐந்து மணி நேரத்திற்கு மேல் இடைவேளையின்றி வேலை வாங்கலாகாது எனவும், குடிநீர் வைத்தல் வேண்டும் எனவும், 250 பேருக்கு மேற்பட்ட ஆலையிற் சிற்றுண்டிச்சாலை அமைக்கப்படல் வேண்டும் எனவும் விதித்தது. இவை தாமே வந்தவை அல்ல. தொழிலாளர் கேட்டும் நின்றும் பெற்றவை. வீட்டுக்கு வரும் கொத்தனாருக்குச் சிற்றுண்டிச்சாலை இல்லை. நேரம் காட்டி மணி அடிப்பார் இல்லை. சோதனையாளர் ஒருவரும் வந்து பார்ப்பதில்லை. வீட்டுக்காரரே அவர்க்கு மணியும் சட்டமும் ஆகிறார். ஆதலின், காலை பதினொரு மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் அவர் கேட்குமுன் கொடுத்தல் வேண்டும். கேட்டபின் கொடுப்பது இரந்தவனுக்கு இடுவது போலாகிவிடும். சிமெண்டிலும் வண்ணத்திலும் அளைந்த கையோடு அவர் குவளையைத் தொட நேராதவாறு, கைகழுவ நீரும் சோப்பும் முன்னரே வைத்திருத்தல் வேண்டும்.

பசித்தவனுக்கு உபதேசம் ஏறாது என்பதைப் பகவனே செய்து காட்டினார். ஆளவி நகரில் அவர் வருகைக்காக ஊரே கூடியிருந்தபோது, ஓடிப்போன எருதைத் தேடி அலைந்த ஓர் ஏழை உழவன் பசியோடு வந்து சேரும் வரை அவர் தம் உரையைத் தொடங்கவில்லை. வந்தவனுக்கு முதலில் உணவு அளிக்கச் செய்து, அவன் களைப்பு நீங்கிய பின்னரே தம்மம் உரைத்தார் எனத் தம்மபத உரை கூறுகிறது. நம்மவருட் சிலர், வேலைக்கு வந்தவர் கையிற் குவளைக்கு முன்னர்த் துண்டுப் பிரசுரத்தைத் திணிக்கின்றனர். வேண்டா.

இருக்கையைப் பற்றியும் ஒரு சொல். விகாரைக்குப் புதிதாக வரும் பிக்குவிற்கு அங்குள்ள பிக்கு செய்ய வேண்டியவற்றை விநயம் நிரல்படக் கூறுகிறது. இருக்கை அமைத்தல், கால்கழுவ நீர் வைத்தல், பருக நீர் வேண்டுமா எனக் கேட்டல், தங்குமிடம் காட்டல், மலசலம் கழிக்கும் இடம் எது எனச் சொல்லல் ஆகியன அவற்றுட் சில. கடைசியிற் கூறியதை எவ்வளவு நுட்பமாகச் சேர்த்துள்ளனர்! நம் வீட்டில் காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை மண் சுமக்கும் சித்தாள் ஒரு பெண். கழிப்பறை கேட்க நாணி, நாள் முழுதும் நீரே பருகாமல் இருந்துவிடும் பெண்கள் உளர். அத்தகையவர்க்கு இரண்டு வேளை தேநீர் கொடுத்து, கழிப்பறையைக் காட்டாமல் விடுதல் உபசாரம் ஆகுமா? வந்தவுடன் வீட்டுப் பெண்மணி அவளை அழைத்துச் சென்று இடத்தைக் காட்டிவிட்டால், அவள் கேட்க வேண்டிய துன்பமே இல்லை. "நம் கழிப்பறையையா?" என்று உள்ளிருந்து ஒரு குரல் எழும்பினால், அக்குரல் யாருடையது என்பதை நன்கு ஆராய்க. அது நம் பாட்டனார் காலத்தில் அடுத்த தெருவிலிருந்து கேட்ட குரல்.

அழைக்கும் முறையும் அவ்வாறே. நம் தந்தையரை அவர்தம் பேரன் வயதுச் சிறுவர் "டேய்" என அழைத்த காலம் ஒன்று இருந்தது. இன்று நம் வீட்டுப் பத்து வயதுப் பிள்ளை, தலை நரைத்த குழாய் வேலைக்காரரை "ஏய், இங்கே வா" என அழைத்தால், அதைக் கேட்டும் கேளாதவர் போல் இருத்தல் பெற்றோர்க்கு அடாது. மூத்தவரை ஐயா என்றும், மேஸ்திரி என்றும், அண்ணா என்றும். இளையவரைத் தம்பி என்றும். பெண்ணை அம்மா என்றும், அக்கா என்றும் அழைப்பதற்குப் பொருட்செலவு இல்லை. வடநாட்டார் எனின் பெயரைக் கேட்டு அதனோடு ஒரு 'ஜி' சேர்க்கலாம். 1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் ஏற்கப்பட்ட இருபத்திரண்டு உறுதிமொழிகளுள், மாந்தர் யாவரும் சமம் என நம்புவதற்கு ஒன்றும், சமத்துவத்தை நிலைநாட்ட முயல்வதற்கு மற்றொன்றும் உள. இரண்டாவதை நிறைவேற்ற ஊர்வலம் வேண்டும் என்று பலர் எண்ணுகின்றனர். ஊர்வலம் ஆண்டுக்கு ஒருமுறை. குழாய் உடைவது அடிக்கடி.

தனியே இருக்கும் பெண்மணி அயலாரை உள்ளறைக்கு அழைக்க வேண்டும் என நாம் கூறவில்லை. தாழ்வாரத்தில் ஒரு நாற்காலி போதும். வறிய வீட்டார் பால் வாங்கக் கடன்பட வேண்டும் எனவும் கூறவில்லை. தன்னையும் பிறரையும் வருத்தாமற் கொடுப்பதே நல்லோர் தானம். சுக்கு வெந்நீரும் நீர்மோரும் தேநீரினும் தாழ்ந்தவை அல்ல. சர்க்கரை நோய் உடையவரா, ரமலான் நோன்பு இருப்பவரா எனக் கேட்டறிதல் கொடுத்தலின் பாதி ஆகும்.

கழிவுநீர்த் தொட்டியைத் துப்புரவு செய்ய வருபவரைப் பற்றித் தனியே கூற வேண்டும். ஏனெனில், மேற்கூறிய யாவற்றையும் செய்யும் வீட்டாரும் இங்கே தயங்குகின்றனர். அவர்க்குக் குவளை கொடுப்பதற்கு முன்னர் ஒரு கடமை உண்டு. அவரைத் தொட்டியினுள் இறக்கலாகாது. 2013ஆம் ஆண்டின் சட்டம், பாதுகாப்பின்றி மனிதரைக் கொண்டு கழிவுநீர்த் தொட்டியைத் துப்புரவு செய்விப்பதைத் தடை செய்கிறது. அது நகராட்சிக்கு மட்டும் அன்று, தனி வீட்டுக்காரர்க்கும் உரியது. அத்தகைய மரணங்கட்கு உச்ச நீதிமன்றம் 2014ஆம் ஆண்டில் பத்து இலட்சம் ரூபாயும், 2023 அக்டோபரில் முப்பது இலட்சம் ரூபாயும் இழப்பீடாக விதித்தது. மூடியைத் திறந்தவுடன் தெரியாத நச்சுவாயு, உள்ளே இறங்கியவனை மூச்சு இரண்டில் வீழ்த்தும். அவனைத் தூக்க இறங்கியவனும் வீழ்வான். உறிஞ்சும் லாரியை மட்டுமே அழைக்க வேண்டும். "கொஞ்சம் அடியில் தங்கியிருக்கிறது, ஐந்நூறு ரூபாய் சேர்த்துத் தருகிறோம், இறங்கி வாரிவிடு" என்று சொல்பவர் எத்தனை தேநீர் கொடுத்தாலும் பயன் இல்லை. லாரியோடு வந்தவர் வேலை முடித்துக் கைகால் கழுவியபின், அவர்க்கும் அதே தாழ்வாரம், அதே நாற்காலி, அதே எவர்சில்வர் தம்ளர். பின்னர் அத்தம்ளர் நம் அலமாரிக்குத் திரும்ப வேண்டும். தோட்டத்துக் குழாயடியில் நின்றுவிடலாகாது.

இனி, எதிர்ப்புறமாக வரும் ஒரு துன்பம். கூடத்திற் பகவன் உருவமும் பாபாசாகேப் படமும் இருக்கக் கண்டவுடன், வேலைக்கு வந்தவர் முகம் மாறுவதுண்டு. தேநீரை நீட்டினால், "இப்போதுதான் குடித்தேன்" என்பார். வெயிலில் நாக்கு வறண்டிருக்கும், ஆயினும் பருகார். பக்கத்து வீட்டிலோ வாங்கிப் பருகுவார். இது நம்மவர் பலர்க்கும் நேர்ந்துள்ளது. சிலர் அதனை அஞ்சிப் படத்தை உள்ளறைக்கு மாற்றுகின்றனர். சிலர் மூடி முத்திரையிட்ட சோடாப் புட்டியை வாங்கி வைக்கின்றனர். சிலர் சினந்து, "பருகினால்தான் கூலி" என்கின்றனர். மூன்றும் நமக்கு உடன்பாடு அன்று. முதலாவது அச்சம். இரண்டாவது, அவருடைய தீண்டாமைக்கு நாமே பணம் செலுத்துதல். மூன்றாவது, ஒருவர் நாவின்மேல் அதிகாரம் செலுத்துதல்.

ஆனந்தர் கிணற்றடியில் மாதங்க குலப் பெண்ணிடம் நீர் கேட்டதையும், அவள் தன் குலத்தைச் சொல்லித் தயங்கியபோது தாம் வேண்டியது நீரே அன்றிக் குலம் அன்று என அவர் கூறியதையும் திவ்யாவதானம் உரைக்கிறது. அது நீர் வேண்டியவர் தெளிவுடையவராய் இருந்த இடம். நீர் வேண்டியவர் தெளிவற்றவராய் இருக்கும் இடத்திற்கு வேறொரு வரலாறு உண்டு. பாரத்துவாச குலத்துப் பிராமணன் ஒருவன் சினந்து வந்து பகவனை வைதான். பகவன் அவனை ஒன்றே வினவினார்: உன் வீட்டிற்கு உறவினரும் விருந்தினரும் வருவதுண்டா? உண்டு என்றான். அவர்கட்கு உணவு படைப்பாயா? படைப்பேன் என்றான். அவர்கள் ஏற்காவிடின் அவ்வுணவு யாருடையது? என்னுடையதே என்றான். அவ்வாறே, நீ கொணர்ந்த வசையை நாம் ஏற்கவில்லை. அஃது உன்னுடையதே என்றார் பகவன்.

இச்சூத்திரத்தை வசையை ஏற்காமைக்கே வழக்கமாக எடுத்துக்காட்டுவர். விருந்தைப் பற்றிய பாதியையும் நாம் எடுத்துக்கொள்ளலாம். அவர் ஏற்காத தேநீர் நம்முடையதே, அதில் யாதொரு மாசும் ஒட்டவில்லை, நாமே பருகலாம். அவர் காட்டிய அருவருப்பு அவருடையது. அதனை நாம் ஏற்க வேண்டா. படம் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். பேசிய கூலியில் ஒரு காசும் குறைய வேண்டா. பேச்சில் கடுமையும் வேண்டா. பதினொரு மணித் தேநீரை அவர் மறுத்தாராயின், நான்கு மணிக்கு, மறுத்ததை நினைவூட்டாமல், அதே தம்ளரிற் சூடாக மீண்டும் கொண்டு சென்று, "மேஸ்திரி, தேநீர்" என நீட்ட வேண்டும்.